குமணன்சாவடியில் ஒரு குடும்ப சரித்திரம்

சென்னைக்கு மேற்கே போகிற சாலையில் சாவடிகளுக்குப் பஞ்சமே இல்லை. வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஜனங்கள் கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் பிரயாணம் செய்த காலத்தில், சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கென்று ஏற்பட்ட இடங்கள் சாவடிகள். இன்று அங்கே இளைப்பாற யாருக்கும் அவகாசமில்லை. பஸ்ஸும் லாரியும் மோட்டார் சைக்கிளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகின்றன. தலைக்கு மேலே மெட்ரோ ரயிலுக்காக எழுப்பிய தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அந்த ரயில் பாதையிலும் குமணன்சாவடி என்று ஒரு நிலையத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சாவடி போனாலும் பெயர் போகவில்லை என்பதில் நமக்கு ஒரு திருப்தி.

குமணன் என்ற பெயரைக் கேட்டதும் பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு வேறொரு ஞாபகம் வரும். தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் வசித்த வள்ளல் அவன். தன்னைத் தேடி வந்த பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவருக்குக் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாமல், தன் தலையையே கொண்டுபோய்ப் பரிசு பெறும்படி வாளை எடுத்து நீட்டினான் என்பது சங்கத் தமிழ் கூறும் வரலாறு. அந்த வள்ளலுக்கும் இந்தச் சாவடிக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, உடம்பைத் தவிரக் கொடுப்பதற்கு வேறு சொத்து இல்லாத மனிதர்களின் கதையைக் கேட்கத்தான் சென்ற ஞாயிற்றுக்கிழமை நாம் அங்கே போனோம்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நம்முடைய வகுப்பில் பிள்ளைகளுக்கு "எங்கள் குடும்ப சரித்திரம்" என்று ஒரு வியாசம் எழுதக் கொடுத்திருந்தோம். பலர் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கிராமம், நிலம், குலதெய்வம், திண்ணை வைத்த வீடு, தாத்தா கட்டிய கிணறு எல்லாம் வந்தன. கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பையன் மட்டும் மூன்றே வரி எழுதியிருந்தான். "தாத்தாவின் பாட்டனாருக்குத் தகப்பனார் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தார். பிறகு மில்லுக்கு வேலைக்குப் போனார். இதற்கு மேல் தாத்தா சொல்ல மாட்டேன் என்கிறார்." மார்க்கு போடுவதற்காக எடுத்த சிவப்புப் பேனாவை நாம் கீழே வைத்துவிட்டோம். அந்த மூன்று வரியில் சென்னை மாகாணத்தின் நூறு வருஷச் சரித்திரம் அடங்கியிருக்கிறதே என்று தோன்றிற்று. தாத்தா எங்கே இருக்கிறார் என்று கேட்டோம். குமணன்சாவடியில் இருக்கிறார் என்றான்.

பரங்கிமலையில் பஸ் ஏறினோம். நந்தம்பாக்கம், போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் வழியாகப் போகும் சாலை அது. "மவுண்ட் – பூந்தமல்லி ரோடு" என்று அதற்குப் பெயர். சாலையின் இரண்டு கோடியும் ஒரு காலத்தில் பட்டாள ஊர்கள் என்பது பஸ்ஸில் போகிறவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? பரங்கிமலை, சென்னைப் படையின் பீரங்கிப் பிரிவுக்குத் தலைமையிடமாக இருந்தது. பூந்தமல்லியில் வெள்ளைக்காரத் துருப்புகளின் டிப்போ இருந்தது. கப்பலில் வந்து இறங்கிய சோல்ஜர்கள் உள்நாட்டுக்குப் போகுமுன் தங்குவதற்கும், நோயாளிகள் உடம்பைத் தேற்றிக்கொள்வதற்கும் அது பயன்பட்டது. திருக்கச்சி நம்பிகள் அவதரித்து, காஞ்சி வரதனுக்குப் பூமாலை கட்டிக் கொண்டுபோன பூவிருந்தவல்லி, கும்பினியார் காலத்தில் இப்படிக் கவாத்து சப்தம் கேட்கும் ஊராயிற்று.

இந்தச் சாலையைப் பற்றி நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 1857-ஆம் வருஷம் வடநாட்டில் சிப்பாய்களின் பெருங் கிளர்ச்சி மூண்டிருந்தது. சென்னைப் படை மட்டும் அசையாமல் இருந்தது என்றுதான் பாடப்புத்தகங்களில் படித்திருக்கிறோம். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் சென்னைப் படையின் எட்டாவது குதிரைப்படை, வங்காளத்துக்குக் கப்பலேறுவதற்காகப் பெங்களூரிலிருந்து சென்னையை நோக்கி அணிவகுத்து வந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு வந்ததும், பழைய விகிதப்படி சம்பளமும் பென்ஷனும் தந்தாலொழிய மேலே போக மாட்டோம் என்று வீரர்கள் நின்றார்கள். அதிகாரிகள் அவசரம் அவசரமாக ஒப்புக்கொண்டார்கள். குதிரைகள் மறுபடியும் நடந்தன. பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்ததும் வீரர்கள் திரும்பவும் நின்றார்கள். இந்தத் தடவை சம்பளத்தைப் பற்றிய பேச்சே இல்லை. சொந்தத் தேசத்தாரை எதிர்த்து யுத்தம் செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். குதிரைகளையும் ஆயுதங்களையும் பறித்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் படையையே கலைத்துவிட்டார்கள். குதிரைகள் மட்டும் கப்பலேறி வங்காளத்துக்குப் போயின. மனிதர்கள் போகவில்லை.

இன்று குமணன்சாவடி இருக்கும் இடம் பூந்தமல்லிக்குக் கிழக்கே கூப்பிடு தூரம். பஸ்ஸை விட்டு இறங்கியபோது இந்த விஷயத்தைப் பையனிடம் சொன்னோம். அவன் சாலையை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, "இங்கேயா ஸார்?" என்று கேட்டான். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற சாலை அல்லவா?

பெரியவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு நமக்காகக் காத்திருந்தார். எண்பதை எட்டிப் பிடிக்கும் வயது. இரண்டே அறை உள்ள வீடு. ஆனால் எந்தச் சாமானும் இருக்க வேண்டிய இடத்தில் நேராக வைத்திருந்தது. வெளுத்த வேஷ்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. பட்டாளத்து வம்சம் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"உட்காருங்கள், ஐயா. பையன் ஏதாவது தப்பு செய்துவிட்டானோ என்று பயந்து போனேன்" என்றார்.

"தப்பு ஒன்றும் இல்லை, பெரியவரே. மூன்று வரிதான் எழுதியிருக்கிறான். மிச்சத்தைக் கேட்டுப் போகலாமென்று வந்தோம்."

பெரியவர் சிரித்தார். "எங்கள் சரித்திரம் மூன்று வரிதான், ஐயா. நாங்கள் என்ன ராஜா வீட்டுப் பிள்ளைகளா?" என்றார்.

ஆனாலும் காப்பி வந்தது. காப்பியோடு பேச்சும் வந்தது. அவருடைய பாட்டனாருக்குத் தகப்பனார் சென்னைக் காலாட்படையில் சிப்பாய். எந்த ரெஜிமெண்டு என்பது வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. மாதம் ஏழு ரூபாய் சம்பளம் என்று மட்டும் பாட்டி சொல்லுவாளாம். (அந்தக் காலத்துச் சிப்பாய்க்கு அதுதான் சம்பளம். நாம் சரிபார்த்தோம்.) வயது முப்பது ஆகுமுன்னே, பென்ஷன் பாத்தியதை ஏற்படுமுன்னே, "பட்டாளத்தைக் கலைத்துவிட்டார்கள்" என்று திரும்பி வந்தார். ஊரில் நிலம் இல்லை. கொஞ்ச காலம் கூலி வேலை செய்தார். பிறகு பெரம்பூர்ப் பக்கம் போய் மில்லில் சேர்ந்தார்.

"எதற்காகக் கலைத்தார்கள் என்று அவருக்கே தெரியாதாம், ஐயா. ஏதோ குற்றம் செய்துவிட்டுத் துரத்தப்பட்டவர் என்று ஊரில் ஏசினார்களாம்."

இந்த இடத்தில் நமக்குத் தெரிந்ததைச் சொல்லவேண்டியது கடமையாயிற்று. சென்னைப் படையிலே பர்மாவுக்கும் சீனாவுக்கும் கடல் கடந்து போய்ப் போர் செய்தவர்கள் உண்டு. ஆனால் 1857-க்குப் பிறகு ஆங்கில அதிகாரிகளிடையே ஒரு சித்தாந்தம் வளர்ந்தது. சில ஜாதிகள்தாம் யுத்தத்துக்குப் பிறந்தவை, மற்றவை உதவா என்பது அந்தச் சித்தாந்தம். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குச் சேனாதிபதியாக இருந்த ராபர்ட்ஸ் துரை இதில் உறுதியான நம்பிக்கை உடையவர். தென்னாட்டாருக்குப் போர்க்குணம் போய்விட்டது, வடமேற்கே உள்ளவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. செலவைக் குறைக்கவேண்டும் என்ற எண்ணமும் சர்க்காருக்கு இருந்தது. 1882-ல் சென்னைப் படையின் காலாட்படை ரெஜிமெண்டுகள் எட்டு ஒரே வீச்சில் கலைக்கப்பட்டன. அதற்குப் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் தென்னாட்டுச் சிப்பாய்களைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். 1895-ல் சென்னைப் படை என்ற தனிப் பெயரும் மறைந்தது.

"ஆகையால் உங்கள் பெரியவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. துரைமார் கணக்கில் ஒரு வரியை அடித்தார்கள். அந்த வரியில் அவர் இருந்தார். அவ்வளவுதான்" என்றோம்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேரனைப் பார்த்து, "கேட்டுக்கொண்டாயாடா? எழுதிக்கொள்" என்றார்.

இனி அந்தச் சிப்பாய் போன மில்லைப் பார்ப்போம். சென்னையில் பின்னி கம்பெனியார் பெரம்பூர்ப் பக்கத்தில் 1876-ல் பக்கிங்ஹாம் மில்லையும், 1881-ல் கர்நாடிக் மில்லையும் ஏற்படுத்தினார்கள். எட்டு ரெஜிமெண்டுகள் கலைந்தது 1882-ல் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வாசல் அடைபட்டபோது இன்னொரு வாசல் அப்போதுதான் திறந்திருந்தது. கிராமத்துக் குடியானவனுக்கு மில் வேலை எளிதில் பிடிபடாது. மழை வந்தால் உழுவான், அலுத்தால் மரத்தடியில் படுப்பான். சங்கு ஊதினால் எழுந்திருப்பதும், மணியடித்தால் உண்பதும், மேஸ்திரி கை காட்டினால் வரிசையில் நிற்பதும் அவனுக்குப் புதிது. சிப்பாய்க்கு அதெல்லாம் பழக்கமான சங்கதி. பியூகிள் போய்ச் சங்கு வந்தது. ஹவில்தார் போய் மேஸ்திரி வந்தார். ரெஜிமெண்டு நம்பர் போய் டோக்கன் நம்பர் வந்தது.

பெரியவர் உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். அதற்குள் ஒரு பித்தளை வில்லை இருந்தது. தேய்ந்து போயிருந்தாலும் எண் தெரிந்தது. "இது பாட்டனாருடையது. மில் வாசலில் இதைக் கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டும். பெயர் இல்லை பாருங்கள். நம்பர்தான்" என்றார்.

அந்த மில்களில் என்ன நெய்தார்கள் தெரியுமா? சாயம் போகாத பின்னிக் காக்கி. சிப்பாய்க்கும் போலீஸ்காரனுக்கும் சட்டை தைக்கும் துணி. பட்டாளத்துக்கு லாயக்கில்லை என்று அனுப்பப்பட்ட மனிதனின் மகனும் பேரனும் பட்டாளத்துக்கே துணி நெய்துகொடுத்தார்கள். இதை நாம் சொன்னதும் பெரியவர், "நானும் நெய்திருக்கிறேன்" என்றார். அவரும் மில் தொழிலாளிதான். நாலு தலைமுறை மில்லிலே கழிந்த குடும்பம். 1996-ல் பின்னி மில்கள் மூடப்பட்டபோது பெரம்பூர்ச் சங்கின் சப்தமும் நின்றது. அதற்குப் பிறகுதான் வாடகை குறைவு என்று இந்தக் குடும்பம் மேற்கே நகர்ந்து குமணன்சாவடிக்கு வந்தது. படைகள் வந்த சாலைக்கே திரும்பி வந்தாயிற்று.

"ஸார், கொள்ளுத் தாத்தாவின் பெயர் எங்கேயாவது எழுதியிருக்குமா?" என்று பையன் கேட்டான்.

நல்ல கேள்வி. பதில்தான் நல்லதாக இல்லை. பூந்தமல்லி டிப்போவில் தங்கிய வெள்ளைக்காரச் சோல்ஜர்களிலே பலர் அயர்லாந்திலும் லங்காஷயரிலும் ஏழை வீட்டில் பிறந்தவர்கள். தறியில் வேலையில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்தவர்களும், பட்டாளத்தை விட்டு ஊருக்குப் போய்ப் பஞ்சாலையில் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களும் இந்தச் சிப்பாயைப் போன்றவர்களே. ஆனால் கும்பினியின் ஐரோப்பியச் சோல்ஜருடைய பெயரை ஆண்டுதோறும் பட்டியலில் எழுதினார்கள். பிறந்த ஊர், முன்பு செய்த தொழில், வந்த கப்பல், இறந்தால் இறந்த தேதி முதலியவற்றைப் பதிவு செய்து வைத்தார்கள். அந்தப் புத்தகங்கள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூல்நிலையத்தில் பத்திரமாக இருக்கின்றன. லங்காஷயரில் உள்ள ஒரு பையன் தன் பாட்டனுக்குப் பாட்டன் பூந்தமல்லியில் இருந்தாரா என்று அங்கே தேடிப் பார்க்கலாம். நம்முடைய சாதாரணச் சிப்பாய்க்கு அப்படிப்பட்ட பட்டியல்கள் மிஞ்சியது அபூர்வம். எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் படையைப் பற்றிய காகிதங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் ரெஜிமெண்டு உண்டு, செலவு உண்டு, துரைமாரின் பெயர் உண்டு. ஏழு ரூபாய்க்காரனை அங்கே எண்ணிக்கையாகத்தான் காணலாம்.

"அப்படியானால் எழுத ஒன்றும் இல்லையா?" என்றான் பையன்.

"காகிதத்தில் இல்லாதது தாத்தாவிடம் இருக்கிறதே" என்றோம்.

பெரியவரின் முகம் மாறிற்று. தகர டப்பாவை மூடினார். "மேலே சொல்ல மாட்டேன் என்று சொன்னது அதனால்தான். பாட்டனாரைப் பற்றி அவன் என்ன எழுதுவான்? அவர் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் மில்லுக்குள் போனவர்" என்றார்.

வாசகர்களில் இளைஞர்களுக்கு இது விளங்காது. விளக்குகிறோம்.

பெரம்பூரிலே செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்ற இருவர் ஒரு பக்த ஜன சபையை நடத்தி வந்தார்கள். அங்கே கதை கேட்க வந்த மில் தொழிலாளர்கள், காலை முதல் மாலை வரை நின்று உழைப்பதையும், மத்தியானச் சோற்றை விழுங்கக்கூடப் போதிய நேரமில்லாததையும், மேலதிகாரிகளின் அடியையும் உதையையும் அந்த இருவரிடம் சொல்லி அழுதார்கள். அதிலிருந்து 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். திரு. வி. கலியாணசுந்தர முதலியார் உபதலைவர். ஒழுங்காக அமைந்த தொழிற்சங்கம் என்று சொல்லத்தக்கவற்றில் பாரத தேசத்திலேயே முதன்மையானதாக அதைக் கருதுகிறார்கள். சங்கத் தலைவர்கள் மீது கம்பெனியார் ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்கள். தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கிளர்ச்சி அதன்பின் தேசமெங்கும் வலுத்து, 1926-ல் சட்டமும் வந்தது.

இதற்கு நடுவிலேதான் 1921-ம் வருஷத்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மாதக்கணக்காக மில் சங்கு ஊதியும் பெருவாரியான ஜனங்கள் உள்ளே போகவில்லை. ஆகஸ்டு 29-ந் தேதி போலீஸார் சுட்டதில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். ஆனால் தொழிலாளர் ஒற்றுமை முழுதாக நிற்கவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய தலைவர் எம். ஸி. ராஜாவும் வேலைநிறுத்தத்தால் அவர்களுக்கு நன்மை இல்லை என்றே கருதினார். விளைவு விபரீதமாயிற்று. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே தறிக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள் தடியெடுத்து அடித்துக்கொண்டார்கள். தேசீய இயக்கத்தின் சரித்திரத்தில் நாம் பெருமைப்பட முடியாத பக்கம் அது.

"பாட்டனார் சாகும்போது எனக்குப் பத்து வயதிருக்கும். 'பிள்ளைகள் மூன்று பேர். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. சேரியில் கடன் கொடுப்பார் யாருமில்லை. போனேன்' என்று சொல்லுவார். வேறொன்றும் சொல்ல மாட்டார். பிற்காலத்தில் நான் சங்கத்தில் சேர்ந்தபோது ஒருவர் என்னைப் பார்த்து, 'நீ கருங்காலி பேரன்தானே?' என்றார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே நான் எடுப்பதில்லை, ஐயா."

நாம் வகுப்பில் எத்தனையோ தடவை தேசத் தியாகிகளைப் பற்றிப் பேசியிருக்கிறோம். பூந்தமல்லியில் குதிரையை நிறுத்தியவர்களைப் பற்றிப் பேசுவது எளிது. மில்லுக்குள் போனவருடைய பேரன் எதிரே உட்கார்ந்திருக்கையில் பேசுவது எளிதன்று. சமாதானம் சொல்லி மழுப்பவும் மனம் வரவில்லை. அப்போது, பட்டாளத்திலிருந்து மில் பேட்டைக்கு வந்த இன்னொரு குடும்பத்தின் ஞாபகம் வந்தது. அது வெகு தூரத்துக்கு அப்பால் உள்ள குடும்பம். ஆனால் அதன் சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது. அதைத்தான் சொன்னோம்.

ரத்னகிரி ஜில்லாவைச் சேர்ந்த மாலோஜி சக்பால் கும்பினிப் பட்டாளத்துச் சிப்பாய். அவர் மகன் ராம்ஜியும் பட்டாளத்தில் சேர்ந்து சுபேதாராகி, படைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராகவும் இருந்தார். 1890-களின் ஆரம்பத்தில், சென்னையில் நடந்தது போலவே, மகார் வகுப்பாரைப் பட்டாளத்தில் சேர்ப்பதைச் சர்க்கார் நிறுத்திவிட்டது. ராம்ஜி மகாதேவ கோவிந்த ராணடேயின் உதவியை நாடி அதை எதிர்த்து விண்ணப்பம் தயாரித்தார். விண்ணப்பம் பலிக்கவில்லை. ராம்ஜி பென்ஷன் வாங்கிக்கொண்டு சதாராவில் குடியிருந்தபோது, அவருடைய கடைசி மகனுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. சதாராப் பையன்கள் பம்பாய் மில்களில் வேலைக்குப் போகிறார்களாம். நாமும் போய் நூல் சுற்றும் பையனாகச் சேர்ந்துவிட்டால் என்ன? ரயில் சத்தத்துக்குப் பணம் வேண்டுமே? அத்தை இடுப்பில் செருகியிருந்த பணப்பையைத் திருட மூன்று இரவு முயன்றான். நாலாம் இரவு பை கிடைத்தது. திறந்து பார்த்தால் அரையணா இருந்தது! வெட்கிப்போய், மில் யோசனையை விட்டுப் படிப்பில் மனத்தைச் செலுத்தினான்.

அந்தப் பையன்தான் டாக்டர் அம்பேத்கர்.

பையன் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டான். பெரியவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குடும்பம் 1904-ல் பம்பாய்க்கே வந்து சேர்ந்தது. பரேல் மில் பேட்டையில், தொழிலாளர் குடியிருக்கும் சாளில், ஒரே அறை. சமையலும் அங்கே, படிப்பும் அங்கே, படுக்கையும் அங்கே. இரவு இரண்டு மணி வரையில் தகப்பனார் விழித்திருந்து மகனை எழுப்பிவிட்டு, அவன் படுத்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். இவ்விதம் மில் சங்கு கேட்கும் இடத்தில் வளர்ந்த மனிதர், மில் தொழிலாளரைப் பற்றிப் பின்னாளில் என்ன செய்தார்? 1929-ல் பம்பாயில் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. அவர் அதை எதிர்த்து, தம் மக்களை வேலைக்குப் போகச் சொன்னார். காரணம் இல்லாமல் இல்லை. நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பகுதியில் தீண்டாதார் நுழையவே கூடாது. ஏனென்றால், நாடாவில் புதுத் தார் போடும்போது நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் பட்ட நூலைத் தொட மாட்டோம் என்றார்கள் மற்றத் தொழிலாளர்கள். வேலையில் பங்கு தராதவர்கள் பட்டினியில் மட்டும் பங்கு கேட்கலாமா என்பதே அங்கிருந்த கேள்வி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1938 நவம்பர் 7-ந் தேதி, தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர்களில் அதே அம்பேத்கரும் ஒருவர். 1929-ல் தமக்கு எதிர்ப்பக்கம் இருந்த கம்யூனிஸ்டுகளோடு தோள் சேர்ந்து அன்று நின்றார். 1942-ல் வைசிராய் சபையில் தொழிலாளர் இலாகாவும் அவர் கைக்கே வந்தது.

"ஒரே மனிதர், பெரியவரே. ஒரு தடவை உள்ளே போகச் சொன்னார். இன்னொரு தடவை வெளியே நிற்கச் சொன்னார். இரண்டையும் எழுதி வைத்திருப்பதால்தான் அவரை நாம் புரிந்துகொள்கிறோம். உங்கள் பாட்டனார் 1921-ல் உள்ளே போனார். அவர் பேரனாகிய நீங்கள் சங்கத்தில் சேர்ந்தீர்கள். ஒன்றை மறைத்தால் மற்றதற்கும் அர்த்தமில்லாமல் போகும்."

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. சாலையில் லாரிகள் போகும் ஓசை கேட்டது. கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "சுடுகிற இடத்தில் சாகாதவர்களுக்கும் பசி இருந்தது, ஐயா. அதை யாரும் எழுதுவதில்லை."

நாம் புறப்படும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. பெரியவர் எழுந்து தெருமுனை வரை வந்தார். ஊன்றுகோல் கையில் இருந்தும் முதுகு வளையாமல் நடந்தார். வழியில் நமக்குத் தோன்றியதைச் சொல்லி முடிக்கிறோம். நம் வீடுகளில் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தாலுகா கச்சேரியிலும் ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத விஷயங்கள் இருக்கின்றன. புகழ் தருவதை மட்டும் கேட்டு எழுதிக்கொள்வதும், மற்றதைப் பேச்சிலிருந்து தள்ளிவிடுவதும் நம் வழக்கமாக இருக்கிறது. பட்டாளத்துக்காரன் பென்ஷன் இல்லாமல் திரும்பியது, மில்லுக்குள் போனது, மில் மூடியபின் வாடகை வீடு தேடி அலைந்தது எல்லாம் தேச சரித்திரந்தான். ஏழு ரூபாய்க்காரனின் பெயரைச் சர்க்கார் எழுதி வைக்கவில்லை. அவன் பேரன்மாராவது எழுத வேண்டாமா?

மறு வாரம் பையன் வியாசத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். பதினொரு பக்கம். எழுத்துப் பிழைகள் ஏராளம். ஏழாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: "என் தாத்தாவின் பாட்டனார் 1921-ல் மில்லுக்குள் போனார். அவர் டோக்கன் எங்கள் வீட்டில் இருக்கிறது." அதற்கு நேரே, வில்லையிலிருந்த எண்ணை எழுதி, பக்கத்தில் அவருடைய பெயரையும் எழுதியிருந்தான். அந்த வரியில் பிழை ஒன்றும் இல்லை.